மூன்று சாண் நாலு விரல்

அளவெடுக்கிற அந்தச் சிவப்பு விளக்குக் கருவியைக் கொஞ்ச நேரம் பையில் வையுங்கள் தம்பி. சுவரில் புள்ளி ஓடுவதைப் பார்த்தால் பூனை மாதிரி அதன் பின்னாலேயே போகத் தோன்றுகிறது. உட்காருங்கள். அந்த நாற்காலியில். மேஜைக்கு முன்னால் இருக்கிற முக்காலி வேண்டாம், முழங்கால் இடிக்கும். எனக்கும் இடிக்கும், வருகிறவர்களுக்கும் இடிக்கும். ஒரே ஒரு ஆளுக்குத்தான் இடிக்காமல் இருந்தது.

டீ குடியுங்கள். சர்க்கரை போதவில்லை என்றால் சொல்லுங்கள், நான் போட்டுக்கொள்ளாததால் மற்றவர்களுக்கும் போட மறந்துவிடுகிறேன்.

இந்துமதி போனில் எல்லாம் சொல்லியிருப்பாள். ஓசூரில் இருக்கிற மகள். ஆபீஸ் வேலையை வீட்டிலிருந்தே செய்யலாம் என்று ஆகிவிட்டதாம், மாதத்தில் பாதி நாள் இங்கே சேலத்தில் அப்பாவோடு இருக்கப் போகிறாளாம். அதற்கு இந்த அறையில் சுவரோடு சுவராகப் புது மேஜை, மேலே அலமாரி, விளக்கு. நல்லது. பழைய மேஜையைப் பிரித்து எடுத்துப் போகவும் சொல்லியிருப்பாள். அதைச் சொல்லும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்தினாளா? இல்லையா? நேராகவே சொன்னாளா? சரி. அம்மா மாதிரி.

அதற்காகத்தான் உங்களை உட்கார வைத்தேன். அந்த மேஜை நான் செய்தது. பிரிக்கப் போகிறவர் அதைப் பற்றித் தெரிந்துகொண்டு பிரிக்க வேண்டும் இல்லையா? அது அளவு தப்பிப்போன மேஜை. என் தப்பு இல்லை. என் மனைவி சௌந்தரம் கோடு போட்டதில் வந்த கோளாறு. அவள் போய் மூன்று வருடம் ஆகிறது. பதில் சொல்ல ஆள் இல்லை என்ற தைரியத்தில் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். இருக்கும்போதும் சொன்னேன். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரிடமும் சொன்னேன். அவள் காபி டம்ளரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "சொல்லி முடிச்சாச்சுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவாள். ஒரு நாளும் மறுத்துப் பேசியதில்லை. தப்பு அவள் பேரில் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

நான் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் இருந்தேன். சரக்கு வரும். எந்த ஊர், எத்தனை பண்டல், யாருக்கு என்று எழுதி ரசீது போட்டுக் கொடுக்க வேண்டும். மூன்று நகல், இடையிடையே கார்பன். அழுத்தி எழுதி எழுதி இந்த நடுவிரலைப் பாருங்கள், காய்த்துப்போனது இன்னும் கரையவில்லை. பண்டலை அளக்க நான் டேப் எடுத்தது கிடையாது. சாண் போடுவேன். என் சாண் ஒன்பது அங்குலம். வெயில் காலத்திலும் ஒன்பது, மழைக் காலத்திலும் ஒன்பது. லாரியில் எது எந்த மூலையில் உட்காரும் என்று என் கையைக் கேட்டுத்தான் லோடுமேன்கள் ஏற்றுவார்கள்.

பெரிய முதலாளி ஓய்ந்துபோய் மகன் சுகுமார் பொறுப்புக்கு வந்தார். அந்த வருடம் ஆடி மாதத்தில் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. கூடவே கடையில் வாங்கிய மேஜை. என்ன வழவழப்பு என்கிறீர்கள். கீபோர்டுக்குத் தனியாக ஒரு தட்டு, இழுத்தால் வரும், தள்ளினால் போகும். எல்லோரும் வேலையில்லாவிட்டாலும் ஒரு தரம் இழுத்துத் தள்ளிவிட்டுப் போனார்கள்.

சுகுமார் நல்ல மனிதர். என்னைவிட ரொம்ப இளையவர், அண்ணா என்றுதான் கூப்பிடுவார். "அர்த்தநாரிண்ணா, தை பொறந்தா எல்லா ரசீதும் இதுலதான். உங்களுக்கு இது வருமா, இல்ல தெரிஞ்ச ஆள் யாரையாச்சும் போடட்டுமா?" என்றார்.

அதட்டிக் கேட்கவில்லை, மரியாதையாகத்தான் கேட்டார். ஆனால் என் நாற்காலியில் இன்னொரு ஆள் உட்கார்ந்திருப்பது மாதிரி எனக்கு அப்போதே தெரிந்தது. சீவின தலையோடு, சட்டைப் பையில் இரண்டு பேனாவோடு. அந்த ஆளைப் பார்த்ததும் என் வாய் முந்திக்கொண்டது. "எனக்கா? வீட்டிலயே வெச்சிருக்கனே" என்று சொல்லிவிட்டேன்.

வீட்டில் அப்போது இருந்தது ஒரு மிக்சி, ஒரு ரேடியோ, சௌந்தரத்தின் தையல் மெஷின்.

ஆக, சொன்னதை உண்மையாக்க வேண்டும். தைக்குள் கற்றுக்கொள்ளவும் வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சீவின தலைக்காரன் வந்துவிடுவான். கம்ப்யூட்டர் கிடைத்துவிட்டது. அம்மாபேட்டையில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பை மூடினார்கள், அவர்களிடம் பழசாக ஒன்று. மானிட்டர் அண்டா மாதிரி. அதை வைக்க மேஜை வேண்டுமே. எங்கள் தெருத் தச்சரின் தம்பி எங்கள் ஆபீசில் லோடுமேன். தச்சரிடம் சொன்னால் மறுநாளே விஷயம் சுகுமார் காதில் விழுந்துவிடும். வீட்டிலேயே வைத்திருக்கிறேன் என்றவர் இப்போதுதான் மேஜைக்குச் சொல்கிறாராம் என்று. அதனால் நானே செய்வது என்று முடிவு செய்தேன். தச்சு வேலையை யாரிடமும் கற்றுக்கொண்டதில்லை. அதனால் என்ன? லாரி புக்கிங்கையும் யாரிடமும் கற்றுக்கொண்டதில்லை.

பலகைக்குப் பஞ்சமில்லை. மெஷின் சாமான்கள் மரப்பெட்டியில் வரும், உடைத்த பெட்டிப் பலகைகளை ஆபீசில் யாரும் கேட்க மாட்டார்கள். நம் மேஜையின் பக்கப் பலகையைக் குனிந்து பாருங்கள். கண்ணாடி டம்ளர் படமும் அம்புக்குறியும் தெரிகிறதா? இந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்பதற்கு அந்த அம்பு. ஆமாம், தரையைத்தான் காட்டுகிறது. முதலில் கவனிக்கவில்லை. பிறகு கவனித்தேன். ஆணி அடித்தாகிவிட்டது.

அளவுக்கு ஆபீஸ் மேஜைதான் மாதிரி. டேப் எடுத்துப் போனால் எதற்கு என்று கேட்பார்கள். கையை எடுத்துப் போனால் யார் கேட்பார்கள்? எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் மேஜையைத் துடைக்கிற மாதிரி சாண் போட்டேன். உயரம் மூன்று சாண் நாலு விரல். நீளம் ஐந்து சாண். பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்தவர் மந்திரம் என்று நினைத்து நகர்ந்து இடம் விட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பின்கட்டில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வேலையை ஆரம்பித்தேன்.

இங்கே சௌந்தரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தெருவில் பாதிப் பேருக்கு அவள்தான் ஜாக்கெட் தைப்பாள். தைத்த ஜாக்கெட் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. கல்யாண வீட்டில் தூரத்தில் நிற்கிற பெண்ணைக் காட்டி, அவளுக்குக் கை எத்தனை என்று கேட்டால் சொல்லுவாள். அளந்து பார்த்தால் சரியாக இருக்கும். அப்படிப்பட்டவளுக்கு அன்றைக்கு மட்டும் என்ன ஆயிற்று என்பதுதான் என் கேள்வி. இத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அன்று காலையிலும் தையல் வேலையாகத்தான் இருந்தாள். காபி குடித்துக்கொண்டே பார்க்கிறேன், தையல் முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் முன்னால் நீட்டி, ஆர்மோனியம் வாசிக்கிறவள் மாதிரி காற்றில் விரலை ஆட்டினாள். அப்புறம் முழங்கையிலிருந்து தரை வரைக்கும் இஞ்ச் டேப்பைத் தொங்கவிட்டு எண்ணைப் பார்த்துக்கொண்டாள். யாருக்கோ ஜாக்கெட் என்று விட்டுவிட்டேன். அவள் தையல் விஷயத்தில் நான் தலையிடுவதில்லை.

என்ன தம்பி, டீ சூடா? புரையேறுகிறதே. மெதுவாகக் குடியுங்கள்.

கம்ப்யூட்டர் விஷயத்தில் அவளும் தலையிடவில்லை. வாங்கப் போகிறேன் என்று சொன்ன அன்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "எழுத்தெல்லாம் டைப் மெஷின்ல இருக்கிற வரிசைதானுங்களா?" கல்யாணத்துக்கு முன்னால் ராசிபுரத்தில் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போயிருக்கிறாள், லோயரோ ஹையரோ பாஸ் பண்ணியிருக்கிறாள். மாப்பிள்ளை அமைகிற வரைக்கும் பெண்பிள்ளைகள் போவதுதானே. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. "இது வேற சமாச்சாரம், உனக்குப் புரியாது" என்று சொன்னேன். எனக்கும் புரியவில்லை என்பது தனி விஷயம்.

எங்கே விட்டேன்? ரம்பம். ஒரு காலால் பலகையை மிதித்துக்கொண்டு, ஒரு கையில் ரம்பம், ஒரு கையில் பலகை முனை. கோடு போட மூன்றாவது கை வேண்டும். சௌந்தரத்தைக் கூப்பிட்டேன். துணியில் கோடு போடுகிற சாக்குக்கட்டியோடு வந்தாள். கழுத்தில் இஞ்ச் டேப் மாலை மாதிரி தொங்குகிறது.

"மூணு சாண் நாலு விரல். போடு" என்றேன்.

"டேப்பு இருக்குதுங்க. இஞ்சுல சொல்லுங்களேன்."

"டேப்பெல்லாம் ஜாக்கெட்டுக்கு. இது மேஜை. சாண் போடு."

நான் அப்படிச் சொன்னதும் ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்தாள். அப்புறம் "சரிங்க" என்று மண்டியிட்டாள். ரொம்பப் பவ்யமாக. எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். அவளுக்குப் பவ்யம் பழக்கமில்லை.

ஒரு சாண், இரண்டு சாண், மூன்று சாண். நாலு விரல். கோடு போட்டாள். போட்டுவிட்டுக் கழுத்து டேப்பை எடுத்துப் பலகையில் ஒரு தரம் வைத்துப் பார்த்தாள். முதல் கோட்டைப் புறங்கையால் அழித்துவிட்டு அரை விரல் தள்ளி இன்னொரு கோடு போட்டாள். தன் கை மேல் தனக்கே நம்பிக்கை இல்லை பாருங்கள். நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. ரம்பம் கையில் இருக்கும்போது ஆண்பிள்ளைக்குக் கேள்வி கேட்கத் தோன்றாது. நாலு காலையும் அறுத்துத் தள்ளினேன். நீளத்துக்கும் அவளே கோடு போட்டாள்.

பூட்டி முடித்தபோது சாயங்காலம். கீபோர்டு தட்டும் வைத்தேன், இழுத்தால் வந்தது, தள்ளினால் போகவில்லை. கழற்றிவிட்டேன். மற்றபடி ஆடாமல் நின்றது தம்பி. அதைச் சொல்லியாக வேண்டும். இன்றைக்கும் ஆடாது, கையை வைத்துப் பாருங்கள். நாற்காலியைப் போட்டு, முதலாளி மாதிரி உட்கார்ந்து, காலை உள்ளே விட்டேன்.

டொக்.

இன்னொரு தரம் விட்டேன். டொக். பலகை முழங்காலுக்கு நேராக நிற்கிறது. சௌந்தரம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள். தோள் குலுங்குகிறது. புருஷன் முழங்காலில் அடிபட்டதற்கு அப்படிச் சிரிக்கிற மனைவியை நான் பார்த்ததில்லை.

"எந்தச் சாண் போட்ட?" என்றேன்.

"என் கையில இந்தச் சாண்தாங்க இருக்குது" என்று விரித்துக் காட்டினாள்.

என் கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என் கைக்குள் அவள் கை அடங்கிப்போயிற்று. மகள் இந்துமதி காலேஜுக்குப் போகிற வயதுக்கு வந்த பிறகு, அன்றைக்குத்தான் சௌந்தரத்தின் கை அவ்வளவு சின்னது என்று பார்த்தேன். பார்த்து என்ன செய்ய? பலகை தீர்ந்துபோயிற்று. ஆயுத பூஜைக்கு இரண்டு நாள். குட்டை மேஜையிலேயே கம்ப்யூட்டரை வைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்தோம். மானிட்டரைத் தலை குனிந்து பார்க்க வேண்டியிருந்தது எனக்கு. அவளுக்கு நேருக்கு நேராக இருந்ததாம்.

அதற்கப்புறம் நான் அவளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுத்தேன்.

ஆமாம், நான்தான். மேஜையில் நான் உட்கார முடியாது, அதனால் அவள் தையல் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். என்ன ஆச்சரியம், அது கச்சிதமாகப் பொருந்தியது. நான் பின்னால் நின்றுகொண்டு, கம்ப்யூட்டரோடு வந்த புத்தகத்தைப் பார்த்து, இதை அமுக்கு, அதை அமுக்கு என்று சொல்வேன். நான் பக்கத்தைப் புரட்டி வார்த்தையைக் கண்டுபிடிப்பதற்குள் அவள் அமுக்கியிருப்பாள். நல்ல வாத்தியார் அமைந்தால் அப்படித்தான். பழைய ரசீதுகளை நான் படிக்கப் படிக்க, அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அடிப்பாள். கீழே பார்க்கவே மாட்டாள். "குனிஞ்சு பார்த்து அடி, தப்பு வரும்" என்று எத்தனை தரம் கண்டித்திருக்கிறேன். தப்பு வரவில்லை. கண்டிப்பதை நிறுத்தவில்லை நானும்.

நடுநடுவே என்னையும் பக்கவாட்டில் உட்கார வைத்து, "ஒரு வரி அடிச்சுப் பாருங்களேன்" என்பாள். ஒரு வரி அடிப்பேன். கழுத்து பிடித்துக்கொள்ளும். இந்தக் குட்டை மேஜையில் எப்படிக் கற்றுக்கொள்வது என்று கோபம் வரும். எழுந்துவிடுவேன். பார்த்தீர்களா, யாரால் யாருடைய படிப்பு கெட்டது?

தை வந்துவிட்டது. பொங்கல் முடிந்து ஆபீஸ் திறந்த நாள், கவுண்டர் முன்னால் ஐந்தாறு பேர். சுகுமார் எனக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். நான் உட்கார்ந்தேன். முழங்கால் தாராளமாக உள்ளே போயிற்று. அது ஒன்றுதான் நல்லபடியாக நடந்தது. நாமக்கல் என்று அடிக்க வேண்டும், இங்கிலீஷில். முதல் எழுத்து எங்கே இருக்கிறது? மேல் வரிசையில் தேடினேன், நடு வரிசையில் தேடினேன். வரிசையில் நின்றவர் ஒருவர் கொட்டாவி விட்டார். சுகுமார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதுதான் தாங்கவில்லை. சீவின தலையும் இரண்டு பேனாவும் வாசல்படி ஏறுவது எனக்குத் தெரிந்தது.

ஏறி வந்தது சௌந்தரம். கையில் சாப்பாட்டுக் கேரியர்.

நான் சாப்பாட்டை மறந்துவிட்டு வந்தேனாம். என் வாழ்நாளில் நான் கேரியரை மறந்ததே இல்லை, அன்று காலையிலும் பையில் வைத்ததாகத்தான் ஞாபகம். எப்படியோ வீட்டிலேயே தங்கிவிட்டது. அதுவும் சாப்பாட்டு நேரம்கூட ஆகவில்லை, காலை பத்து மணி. அதற்குள் கொண்டுவந்துவிட்டாள், அவ்வளவு அக்கறை.

"ஏங்க, வெளியில பண்டலைத் தப்பா ஏத்துறாங்க போலிருக்குதே, ஒரு எட்டுப் பாருங்களேன்" என்றாள்.

லோடு என்றால் எனக்குக் கால் நிற்காது. ஓடினேன். அங்கே ஒன்றும் தப்பில்லை, இருந்தாலும் இருக்கிற பண்டலை இறக்கி மறுபடி ஏற்றச் சொல்லிவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் கவுண்டர் முன்னால் ஆளே இல்லை. பிரிண்டர் கர் கர் என்று ரசீதைத் துப்புகிறது. இவள் அந்த உயர நாற்காலியில், கால் தரையில் எட்டாமல், செருப்பு இரண்டும் கீழே விழுந்து கிடக்க, அடித்துக்கொண்டிருக்கிறாள்.

"அக்காவுக்கு யாருண்ணா சொல்லிக் குடுத்தது?" என்றார் சுகுமார்.

"நான்தான்" என்றேன். வேறு என்ன சொல்ல? அவள் திரும்பியே பார்க்கவில்லை.

சுகுமார் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நீங்க லோடைப் பாருங்கண்ணா. அதுக்கு உங்களை விட்டா ஆள் இல்ல. இங்க அக்கா இருக்கட்டும்" என்றார். அப்படியாக, மனைவிக்கு வேலை வாங்கிக் கொடுத்தேன். என் வேலையும் தப்பியது. நான் ஓய்வு பெறுகிற வரைக்கும் ஒரே மொபெட்டில் போனோம், ஒரே மொபெட்டில் வந்தோம்.

ஆனால் கொடுமையைக் கேளுங்கள். அவளுக்குக் கால் எட்டவில்லை என்பதற்காகக் குட்டை நாற்காலி போட்டு, அதற்கேற்ப அந்த வழவழப்பு மேஜையின் காலையும் அறுக்கச் சொன்னார் சுகுமார். கடையில் வாங்கிய மேஜையை. தச்சர் வந்து எவ்வளவு உயரம் வேண்டும் என்று கேட்டார். இவள் யோசிக்கவே இல்லை, டேப்பையும் தொடவில்லை, சட்டென்று ஒரு எண்ணைச் சொன்னாள். வீட்டில் செய்த தப்பு அளவு ஆபீசுக்கும் தொற்றிக்கொண்டது. அதிலிருந்து அங்கேயும் எனக்கு முழங்கால் இடித்தது.

வீட்டு மேஜையும் கடைசி வரைக்கும் அவள் கையில்தான் இருந்தது. கம்ப்யூட்டர் இரண்டு மூன்று தரம் மாறியது, மேஜை மாறவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன அந்த வாரம்கூட கரண்ட் பில்லை இதில் உட்கார்ந்துதான் கட்டினாள். இப்போது நான் கட்டுகிறேன். முக்காலியில் பக்கவாட்டில் உட்கார்ந்து, இரண்டு முழங்காலும் ஜன்னல் பக்கம் பார்க்க, ஒரு விரலால். கழுத்து வலிக்கிறது. இந்துமதி அதைப் பார்த்துவிட்டுத்தான் உங்களை அனுப்பியிருக்கிறாள். அவள் சொல்வதும் நியாயம்தான். தப்பாகச் செய்த ஒரு சாமானை எத்தனை நாள் வைத்துக்கொண்டிருப்பது?

சரி, உங்கள் வேலையைப் பாருங்கள். மகளுக்குச் செய்கிற மேஜையாவது ஒழுங்காக இருக்கட்டும். உயரம் எப்படி எடுப்பீர்கள்? பொதுவாக ஒரு அளவு வைத்திருக்கிறீர்களா. ஆளுக்கு ஏற்ற மாதிரி வேண்டும் என்று கேட்டால்? உட்கார வைத்து எடுப்பீர்களா? எங்கேயிருந்து எங்கே?

முழங்கையிலிருந்து தரை வரைக்குமா?

கையை முன்னால் நீட்டி வைத்துக்கொண்டா? டைப் அடிக்கிற மாதிரி?

இருங்கள் தம்பி. அது ஜாக்கெட்டுக்கு எடுக்கிற அளவு இல்லையா?

சிரிக்காதீர்கள். இல்லை, சிரியுங்கள், பரவாயில்லை. துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அவளும் இப்படித்தான் சிரித்தாள்.

அந்தச் சிவப்பு விளக்கை வெளியே எடுங்கள். மேஜை மேல்பலகையிலிருந்து தரைக்கு அடியுங்கள். வந்துவிட்டதா? இல்லை, எண்ணைச் சொல்ல வேண்டாம். எழுதவும் வேண்டாம். இந்தப் பழைய மேஜைதான் இங்கேயே நிற்கப் போகிறதே. இந்துமதியின் மேஜையை எதிர்ச் சுவரில் போடுங்கள். ஏன் என்று கேட்டால் அப்பாவிடம் கேட்கச் சொல்லுங்கள், நான் சொல்லிக்கொள்கிறேன். அலமாரியில் ஒரு அடி குறைந்தால் குறையட்டும்.

கழுத்தில் டேப்பைத் தொங்கப் போட்டுக்கொண்டு சாண் போட்டாள் தம்பி. என் கண் முன்னாலேயே.